தக் யுன்சிக்கின் மூச்சுக்குழாய்

கொரியாவின் ஜொன்ஜு நகர மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் தக் யுன்சிக்குக்கு மூச்சுக்குழாயின் உட்சுவர் என்றால் உயிர். உயரமான செல்கள் நெருக்கியடித்து நிற்பதையும், அவற்றின் தலையிலுள்ள மயிர்போன்ற குற்றிழைகள் ஓயாமல் அசைந்து தூசியை மேலே தள்ளுவதையும், நடுவே கோப்பைச் செல்கள் சளி சுரந்து அந்தத் தூசியைப் பிடித்துவைப்பதையும் வகுப்பில் சொல்லிச் சொல்லி உருகுவார். வகுப்பு முடிந்ததும் அறைக்கு வந்து சிகரெட் பற்றவைப்பார். நுண்ணோக்கிக்குப் பக்கத்திலேயே சாம்பல் கிண்ணம். அவருடைய குற்றிழைகள் மட்டும் புகைக்கு அஞ்சாத வீரப் பரம்பரை என்று நினைப்பு.

வசந்தகாலத்தில் இருமலோடு ரத்தம் வந்தது. மனைவி விடவில்லை. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு உள்ளிருந்து துளி சதை கிள்ளி எடுத்தார்கள். புற்றுநோயா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை. உள்ளுக்குள் நடுக்கம்தான், வெளியே, "எனக்கு ஒண்ணும் இருக்காது" என்று முளைகட்டிய பயறு சூப்பை உறிஞ்சிக்கொண்டே சொல்லித் திரிந்தார்.

அந்த வாரம் மணிப் பரீட்சை. வரிசையாக நுண்ணோக்கிகள்; மணி அடித்தால் அடுத்ததற்கு நகர வேண்டும். விட்டதைத் திரும்பப் பார்க்கக் கூடாது. அது தக் போட்ட சட்டம். அழுத மாணவர்களிடம்கூட அவர் இரங்கியதில்லை. பரீட்சைக்கு முன்னால் தானே ஒருமுறை எழுதிப் பார்த்து, எல்லாவற்றையும் நொடியில் சொல்லிவிடுவது அவருக்கு வருடாந்திரத் திருவிழா.

மணியைப் பிடித்திருந்தவள் பியோ மிசொன். அவரிடம் ஒரு காலத்தில் தோற்று மறுபடி எழுதியவள். இப்போது அதே ஆஸ்பத்திரியில் சதைத்துண்டுகளைப் பார்த்து நோய் சொல்பவள்; பரீட்சைக்கு உதவ வந்திருந்தாள்.

"நுரையீரல் காற்றறை. மெல்லிசு செல்லு, பக்கத்துல தூசி தின்னி. அடுத்தது!" மணி. "குரல்வளை மூடி. அடுத்தது!" மணி.

கையோடு கொண்டுவந்த சாம்பல் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைசி நுண்ணோக்கியில் குனிந்தவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, மூச்சு மண்டலப் பரீட்சையில இது எதுக்கு? தட்டைச் செல்லு அடுக்கடுக்கா கெடக்கு. குற்றிழையும் இல்ல, கோப்பையும் இல்ல. உணவுக்குழாய்! எந்த மடையன் குழாய மாத்தி விட்டான்?"

மிசொன் மணியை அடித்தாள்.

"உணவுக்குழாய் இல்ல சார். மூச்சுக்குழாய்தான். புகையில வெந்து வெந்து, குற்றிழையெல்லாம் போயி, இப்பிடித் தடிச்சுப் போச்சு."

"சிகரெட்டா? யாரு அந்த முட்டாள்?"

"நீங்கதான் சார்."

அவர் முகம் வெளுத்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "புத்துநோயா?"

"இன்னும் இல்ல. இப்பவே விட்டீங்கன்னா பழைய செல்லு திரும்ப முளைக்க வாய்ப்பு இருக்கு. விடலன்னா நான் சொல்ல வேண்டியதில்ல. வகுப்புல நீங்களே சொல்லிருக்கீங்க."

பயம் அவரைப் பிடித்து உலுக்கியது. அதையும் மீறி வெட்கம். வாழ்நாள் முழுக்கக் காதலித்த முகத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"இன்னொரு தடவ பாத்துக்கறேம்மா," என்று மறுபடி குனிந்தார்.

மிசொன் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள். "மணி அடிச்சாச்சு சார்," என்றபடி சாம்பல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.