கரண்ட் போன நேரம்

நேற்று பாயசத்துக்கு ஏலக்காய் தட்டினேன். ஒற்றை ஆளுக்கு எதற்குப் பாயசம் என்று நீங்கள் சிரிக்கலாம். பிறந்தநாள் ஐயா, அதுவும் என்னுடையது. வாசனை எழுந்ததுதான் தாமதம், மனசு இந்தச் சென்னை வீட்டை விட்டு, கேரள எல்லையில் குமுளி அடிவாரத்துக் கூடலூருக்குப் போய், சிக்கந்தர் பாயின் ஏலக்காய்க் கிடங்கு மாடியில் உட்கார்ந்துகொண்டது.

கணக்கு வாத்தியாராக அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊரில் ஒருவரையும் தெரியாது. வாரம் முழுக்கப் பையன்களிடம் கத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கழிப்பேன். மெஸ்ஸுக்கும் அன்று விடுமுறை.

பாய்க்குத் தொழில் ஏலக்காய், பித்து சினிமா. தியேட்டர் பக்கமே வராத படங்களாகத் தேடிப் பிடித்து, ஞாயிறு மத்தியானம் ஜன்னல்களைச் சாக்குகளால் மறைத்து, புரொஜெக்டரில் வெள்ளைச் சுவரில் போட்டுக் காட்டுவார். பாதி மலையாளம், அங்கே அது யாருக்கும் சிரமமில்லை. சண்டை கிடையாது, பாட்டு கிடையாது. அந்தப் படங்களில் வருகிறவர்கள் என்னைப்போலவே தனியாக நடந்தார்கள், தனியாகச் சாப்பிட்டார்கள். அதைப் பக்கத்தில் நாலு பேர் மூச்சுவிடும் சத்தத்தோடு பார்ப்பதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

ஒரு படத்தில் ஒரு பெண் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள். நிற்கிறாள், நின்றுகொண்டே இருக்கிறாள். குமுளிக்கு ஜீப் ஓட்டும் முருகேசன் பொறுமை இழந்தார்.

"ஏன் பாய், நம்ம ஜீப்ப அங்கன அனுப்புவமா? ஏறிப் போயிரட்டும்."

எல்லோரும் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் சுவர் சட்டென்று இருண்டது. சுபம் இல்லை, பெயர்கள் இல்லை. மின்வெட்டுக் காலம் அது. கரண்ட் போய்விட்டது என்றே நினைத்து, வரட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். மாடியில் மின்விசிறியும் இல்லை, தெரிந்துகொள்ள.

இருட்டில் முருகேசன் குரல்தான் முதலில் வந்தது.

"எங்க அக்காவும் இப்பிடித்தான், தெனமும் பஸ் ஸ்டாண்டுல போயி நின்னாக. யாருக்காக நின்னாகன்னு சொல்லாமலே போய்ச் சேந்துட்டாக."

பிறகு மெல்ல ஆளுக்கொன்றாகப் பேச்சு கிளம்பியது. முருகேசனே என் பக்கம் திரும்பி, "சார், சாப்பிட்டீகளா?" என்றார். வெளிச்சம் இருந்திருந்தால் ஆச்சு என்றுதான் சொல்லியிருப்பேன். இல்லை என்றேன். அவருடைய பரோட்டா பார்சலில் பாதி என் கைக்கு வந்தது.

படம் முடிந்துவிட்டது என்று பாய்க்கு மட்டும் தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று இறங்கும்போது கேட்டேன்.

"பேசிக்கிட்டு இருந்தாகள்ல சார். நடுவுல போயி எப்பிடிச் சாக்க வெலக்க?"

அதற்கப்புறம் எந்தப் படம் முடிந்தாலும் பாய் உடனே சாக்கை விலக்கியதில்லை. கரண்ட் போன நேரம் என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டோம். உண்மையைச் சொன்னால், படத்தைவிட அதற்காகவே வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

எனக்கு மாற்றல் வந்தது. பாய் வியாபாரத்தை முடித்துக்கொண்டு மகளோடு கொச்சிக்குப் போய்விட்டார். முருகேசனின் எண்ணுக்கு அடித்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள். கிடங்கை இடித்துக் கடைகள் கட்டியாயிற்று. அந்த மாதிரிப் படங்கள் மட்டும் இன்று போனிலேயே கொட்டிக் கிடக்கின்றன. ஒன்று முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது.

நேற்றும் ஒன்று பார்த்தேன். முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். பாயசம் அடுப்பில் அப்படியே இருந்தது. வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டீகளா என்று யாரும் கேட்கவில்லை.