மூன்றாவது அட்டை

சுய்லியனுக்குப் பதினாறு வருஷமாக ஒரே வேலை. ஷான்ஷி மலையில், நிலக்கரித் தூசி படிந்த அந்த ஊரில் குறையோடு பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். செத்துப் பிறந்ததையும் விடக் கூடாது. முதுகு பிளந்த பிள்ளைகள் இத்தனை வருஷத்தில் கொஞ்சநஞ்சமல்ல. அழுகிற தாயின் பக்கத்தில் உட்கார்ந்து பிறந்த தேதி கேட்பது லேசா? கல்நெஞ்சுக்காரி என்று ஏச்சு வாங்கிக்கொண்டுதான் கேட்டாள். "எழுதாம விட்டா அது பொறக்கவே இல்லைன்னு ஆயிடும்டி" என்பாள்.

போன வருஷம் அவள் மருமகள் ருய்ஃபாங்குக்கே அப்படி ஆனது. வீட்டிலேயே பிரசவம். மண்டை மூடாத பெண் குழந்தை. ஒரு மணி நேரம்தான் இருந்தது. நம் சுய்லியன் என்ன செய்தாள் தெரியுமா? வாசலில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டாள். அது தொங்கினால் பிள்ளை பெற்ற வீடு. ஒரு மாதம் முடியும்வரை வெளியாள் யாரும் உள்ளே வர மாட்டார்கள். துணியை அவிழ்த்த அன்று, "நெஞ்சுல சளி கட்டிப் போயிடுச்சு" என்று ஊருக்குச் சொன்னாள். இளைய மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. பாவி, ஊர் வாய்க்குப் பயந்தாள். அட்டை எழுதவில்லை.

வருஷக் கடைசியில், மூன்று அட்டையாவது வந்த ஊர்ப் பெண்களுக்கெல்லாம், இந்தக் குறை வராமலிருக்கக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போடும் ஃபோலிக் மாத்திரை கொடுத்தார்கள். இந்த ஊரிலிருந்து போயிருந்தது இரண்டுதான்.

இந்த வருஷக் கடைசியில் பக்கத்து வீட்டுக் கைஷியாவுக்கு முதுகு திறந்த ஆண் பிள்ளை. மறுநாளே போய்விட்டது. சுய்லியன் அட்டையோடு போனாள். ருய்ஃபாங் தினைக் கஞ்சி எடுத்துக்கொண்டு கூடப் போனாள்.

"அத்தை, மூணு அட்டை போச்சுன்னு கீழூர்க்காரிங்களுக்கெல்லாம் மாத்திரை குடுத்தாங்களாமே? நமக்கு மட்டும் ஏன் வரல?" என்று கேட்டாள் கைஷியா.

"மேல இருக்கறவங்க பண்றது நமக்கென்னம்மா தெரியும்?" என்று முணுமுணுத்தாள் சுய்லியன். பேனா ஓடவில்லை.

ருய்ஃபாங் கஞ்சிப் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "இன்னொரு அட்டை எடுங்க அத்தை. எம் பொண்ணும் பொறந்தவதான்!"

கைஷியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்ததும் கஞ்சியைத் தள்ளிவிட்டாள்.

"சளின்னு சொன்னீங்களே அத்தை..."

சுய்லியன் பையைத் திறந்தாள். இன்னோர் அட்டையை எடுத்து, தாய் பெயருக்கு நேரே மருமகள் பெயரை எழுதினாள். தேதியை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.