என்னைப் பேய் பிடித்தவள் என்றார்கள்

தாயை நம்பி வந்திருக்கும் சகோதரிகளே, இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் தைரியம் வரவில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

எழுபத்தொன்பதாம் வருடம், ஐப்பசி மாதம். காரைக்கால் பக்கத்துக் கருக்களாச்சேரியில் எனக்கு மூன்றாவது பெண் பிறந்தது. குழந்தையைப் பார்த்ததும் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வாரமே கடலில் மீன்பாடு குறைந்தது.

"இவ மூஞ்சில முழிச்சுட்டுப் போனா வலை எப்படி நெறயும்?" என்று என் காதில் விழும்படியே பேசினார்கள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. குழந்தை அழுதால் யாருடைய குழந்தையோ அழுவது போலிருக்கும். காரணமில்லாமல் அழுவேன். பிறகு அழுகையும் நின்றுபோனது. அதுதான் பயங்கரம்.

"பேய் புடிச்சிருக்கு. வெள்ளிக்கிழம பேயோட்டறவர வரச் சொல்லிருக்கேன்" என்றார் மாமியார்.

அவர் எப்படி ஓட்டுவார் என்று எனக்குத் தெரியும். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியைச் சாட்டையால் அடித்ததை நானே பார்த்திருக்கிறேன். கணவரிடம் கெஞ்சினேன்.

"அம்மா சொல்றாங்கல்ல, ஒரு தடவ பாத்துருவோம்" என்றார் அவர்.

வியாழக்கிழமை மத்தியானம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினேன். திரும்பி வரும் எண்ணம் எனக்கு இல்லை. கடற்கரைக்குப் போகும் வழியில்தான் நம் மாரியம்மன் கோயில். அங்கே வந்ததும் கால்கள் நகரவில்லை. நடை சாத்தியிருந்தது. வாசற்படியில் தலையைச் சாய்த்தேன்.

"தாயே, நான் சொல்றத நம்ப ஒரே ஒரு ஆளக் குடு. இல்லன்னா என்னை எடுத்துக்க." எனக்கு வந்த பிரார்த்தனை அவ்வளவுதான்.

தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். என் ஓரகத்தி, கணவருடைய அண்ணன் மனைவி செல்லம்மா. இரண்டு ஆண் பிள்ளைகளைப் பெற்றவர். வீட்டில் அவருக்குத்தான் மரியாதை. என்னிடம் ஒரு நாளும் மனம்விட்டுப் பேசியதில்லை.

"நீ போற போக்கே சரியில்ல. அதான் பின்னாலயே வந்தேன்" என்றார். குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "சின்னவன் பொறந்தப்ப எனக்கும் இப்படித்தாண்டி இருந்துச்சு. ஆம்பளப் புள்ள பொறந்த சந்தோசத்துல யாரும் என்னப் பாக்கல. நானும் வாயத் தொறக்கல."

"அக்கா..." என்றேன். பல நாள் கழித்து அன்றுதான் அழுதேன்.

மறுநாள் பேயோட்டுகிறவர் வேப்பிலையும் சாட்டையுமாக வந்து நின்றார். அக்கா வாசலை மறித்தார்.

"இவள அடிக்கறதா இருந்தா மொதல்ல என்ன அடிங்க. எனக்கும் இதே பேய்தான் புடிச்சிருந்துச்சு."

மாமியார் கத்தினார். "நீயுமாடி?"

"ஆமாங்கத்த, நானுந்தான். அப்ப உங்களுக்குத் தெரியல."

கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார். "கெளம்பு. காரைக்காலுக்குப் போவோம்."

பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு என் கணவரை உள்ளே கூப்பிட்டார்.

"பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்கு வர்ற நோய் இது. மருந்து தர்றேன், கேக்கும். ஆனா வீட்ல திட்டிக்கிட்டே இருந்தா மருந்து மட்டும் போதாது. அவங்க தூங்கணும். புள்ளைய நீங்களும் வச்சுக்குங்க."

ஒரே நாளில் குணமாகிவிடவில்லை. தை பிறந்த பிறகுதான் சோற்றின் ருசி தெரிந்தது. ஒரு காலை மூன்றாவது மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மாமியார் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் பேத்தியைத் தானே எடுத்துக் குளிப்பாட்டத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் அக்காவும் நானும் போவோம். குழந்தையை அப்புறம் பார்ப்போம். முதலில் தாயின் பக்கத்தில் உட்காருவோம்.

சகோதரிகளே, மனசு இருண்டால் அம்மன் வாசலில் போய் அழுங்கள். அழுதுவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள். அதைத் திறக்கிறவளையும் அந்தத் தாய்தான் அனுப்பி வைக்கிறாள்.