அக்கா மாத்திரை போட்டாள்

எங்கள் அக்காவைத் துணிக்கடையில் 'கடிகாரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கடை திறக்கிறவன் வருவதற்கு முன்பே ஷட்டர் பக்கத்தில் நிற்பாள். வீட்டிலும் அப்படித்தான். அவள் துணி துவைக்கிற கிழமை தவறினால் பக்கத்து வீட்டுக்காரி வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பாள். அப்படிப்பட்டவளைப் பார்த்து ஒரு டாக்டர், "மாத்திரையை ஒழுங்கா போடறதில்லையா?" என்று கேட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

அந்தக் கடையில் விற்கிறவர்கள் உட்காரக் கூடாது. ஸ்டூல் இருக்கும், துணி வாங்க வருகிறவர்களுக்கு. வருஷக்கணக்கில் நின்றே வேலை பார்த்தாள். சர்க்கரை வேறு. கெண்டைக்கால் வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள் ஒருநாள் நடுரோட்டில் அடி எடுத்து வைக்க முடியாமல் நின்றுவிட்டாள். காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்திருந்தது. தொடையில் சின்னத் துளை போட்டு, பலூன் விட்டு விரித்து, உள்ளே ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த இடத்தில் ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்து, ஒரு நாள்கூட விடக் கூடாது என்றார்கள். அதை அக்காவுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். அவருக்கும் அதே சிகிச்சை, அதே மாத்திரை.

கொஞ்ச நாளில் அக்காவின் பாதம் சில்லிட்டது. விரல்கள் நீலம் பாரித்தன. மறுபடி அடைப்பு. டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான்.

"தினமும் போட்டேன் டாக்டர்" என்றாள் அக்கா.

"போட்டிருந்தா ஏம்மா திரும்ப அடைக்குது? அந்த லாரிக்காரரைப் பாருங்க. ஜம்முனு நடக்கறார். சொன்ன பேச்சைக் கேக்கறார்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அடைப்பை எடுத்துவிட்டு அதே மாத்திரையைத் திரும்பவும் எழுதிக் கொடுத்தார்.

அதைவிடக் கொடுமை, அக்கா புருஷன் அதை நம்பியது. வெளியே வந்து என்னிடம், "உங்க அக்கா மாத்திரையை எங்கேயாவது தூக்கிப் போடறாளோ?" என்றார்.

"அத்தான், அவ எதையாவது தூக்கிப் போட்டுப் பாத்திருக்கீங்களா? உங்களையே இன்னும் போடல."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவள் மாத்திரை போட்டதும் வாயைத் திறந்து காட்டச் சொன்னார். அவளும் ஒரு வார்த்தை பேசாமல் திறந்து காட்டினாள். மற்றதை மன்னித்தாலும் மன்னிப்பேன், அதை மன்னிக்க மாட்டேன்.

அப்படிக் காவல் காத்தும் மூன்றாம் தடவை அடைத்தது. இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். நான் வராந்தாவில் அழுதுகொண்டு நிற்கிறேன், அந்த லாரி டிரைவர் செக்கப்புக்கு வந்து நிற்கிறார், திடமாக, இரண்டு காலோடு.

"நீங்க மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"நீ வேறம்மா. ஞாபகம் வந்தா போடுவேன். லோடு ஏத்திட்டா அதுவும் கிடையாது."

அவர் கையைப் பிடித்து, "இதை உள்ள வந்து சொல்லுங்கண்ணே" என்று இழுத்தேன். பாவம், வந்தார். வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி டாக்டர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே சொன்னார். டாக்டர் அக்காவின் சீட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு அக்காவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார்.

அந்த மாத்திரை அவள் உடம்பில் வேலையே செய்யவில்லை. விழுங்கினால் போதாதாம், ஈரல் அதை மருந்தாக மாற்ற வேண்டுமாம். சிலருக்கு மாற்றாதாம். இத்தனை நாளும் அவள் சுண்ணாம்புக் கட்டியை விழுங்கியிருந்தாலும் ஒன்றுதான்.

"இது தெரிஞ்ச விஷயம்தான்" என்றார் டாக்டர்.

"தெரிஞ்சுமா அவளைப் பொய்க்காரி ஆக்கினீங்க?" வராந்தா முழுக்கக் கேட்கும்படிதான் கேட்டேன்.

"எல்லாருக்கும் டெஸ்ட் பண்றதில்லம்மா."

டெஸ்ட் பண்ணாமல் இருக்கலாம், சரி. திட்டாமலும் இருந்திருக்கலாம் இல்லையா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வேறு மாத்திரை கொடுத்து அடைப்பை எடுத்தார்கள். கால் தப்பியது. இரண்டு விரல்கள் போயின. அத்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று டாக்டர் வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"இந்தப் புது மாத்திரையையாவது ஒழுங்கா போடுங்கம்மா" என்றார்.

கடையில் மேற்பார்வையாளர் கத்தும்போதுகூட எதிர்த்துப் பேசாதவள் அக்கா. கட்டுப்போட்ட காலைக் கீழே ஊன்றி, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நான் ஒழுங்கா போடுவேன் டாக்டர். எப்பவும் போட்டேன். அது ஒழுங்கா வேலை செய்யுதான்னு நீங்க பாருங்க."

டாக்டர் வாசல் வரைக்கும் போனார். பிறகு திரும்பி, இன்னொரு தடவை ரத்தம் எடுக்கச் சொல்லி நர்ஸைக் கூப்பிட்டார்.