மூன்று முறை கழுவிய திராட்சை

“மிஸ், எங்கப்பா குடிச்சதும் இதுதானா?”

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை.

போன மாசி மாதம் நடந்தது இது. நாங்கள் திண்டிவனத்தில் குடியிருக்கிறோம். கணவருக்கு விழுப்புரத்தில் வேலை. நான் ஒலக்கூர் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிக அறிவியல் ஆசிரியை. மூன்று வயதில் ஒரு மகள். அவளுக்கு எதைக் கொடுப்பதென்றாலும் பத்து முறை யோசிப்பேன். திராட்சை என்றால் கேட்கவே வேண்டாம். தோலில் படிந்திருக்கும் வெள்ளை எல்லாம் பூச்சிமருந்து என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து உப்பும் மஞ்சள் தூளும் போட்ட தண்ணீரில் ஒருமுறை, கொதிக்கிற வெந்நீரில் ஒருமுறை, மறுபடி குழாய்த் தண்ணீரில் ஒருமுறை கழுவித்தான் அவள் கையில் கொடுப்பேன்.

அந்த வாரம் வகுப்பில் நொதித்தல் பாடம். திராட்சைச் சாறு எப்படி வைன் ஆகிறது என்று நான் ஆரம்பித்ததுமே பின்வரிசை குலுங்கிச் சிரித்தது. செய்தே காட்டிவிடலாம் என்று தோன்றியது. பஸ் ஸ்டாண்டு வாசல் தள்ளுவண்டியில் கறுப்புத் திராட்சை வாங்கினேன். வீட்டுப் பழக்கத்தில் மூன்று முறை கழுவினேன். வகுப்பில், மூன்று முறை கழுவிய சுத்தமான பழம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அதை நசுக்கி, சர்க்கரை சேர்த்து பாட்டிலில் ஊற்றி, அதன் வாயில் ஒரு சிவப்புப் பலூனை மாட்டினேன். பழத்தோலில் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் இருக்கிறது, அது சர்க்கரையைத் தின்று வாயுவை வெளிவிடும், பலூன் தானாக ஊதும் என்று விளக்கினேன்.

மூன்று நாள் ஆயிற்று. பலூன் தொங்கியது தொங்கியபடியே இருந்தது. “மிஸ், உங்க ஈஸ்ட்டு லீவுல போயிருக்குது” என்றான் ஒருவன். பழம் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

திங்கள்கிழமை முதல் பீரியட். முதலில் சொன்னேனே, அந்த மாணவியின் அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார். மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, களை எடுக்கப் போனவர் பாதியில் வந்திருக்கிறார், காலெல்லாம் செம்மண். மஞ்சள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் மேசையில் வைத்தார். அதன் வாயில் ஒரு நீலப் பலூன், மூடிய கை அளவுக்கு உப்பி நின்றது.

“இன்னா டீச்சர் இது? பொட்டப் புள்ளைக்குச் சாராயம் காய்ச்சவா சொல்லிக்குடுக்குற? அரிசிப் பானைக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுக்கினு இருக்கா. பலூன் ஓரமா மோந்து பாத்தா அதே நாத்தம். இந்த நாத்தத்துலதான் என் தாலியே போச்சு!”

கள்ளச்சாராயம் குடித்து இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் கணவர் இறந்துபோன விஷயம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. ‘இதை வீட்டில் செய்யாதீர்கள்’ என்று சொன்னேனா? சொன்னதாகத்தான் ஞாபகம். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. தாயையும் மகளையும் ஆய்வக அறைக்கு அழைத்துப் போய், தப்பு என்னுடையது என்று மன்னிப்புக் கேட்டேன். பிறகு அந்த மாணவியிடம், ஏன் இப்படிச் செய்தாய் என்றேன்.

“நீங்க பழத்தைக் கழுவிட்டீங்கல்ல மிஸ், அதான் ஊதலன்னு நெனச்சேன். நான் கழுவாம போட்டேன்.”

எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. தோலில் உயிர் இருக்கிறது என்று பாடம் நடத்தியவளே, அந்த உயிரை வெந்நீர் ஊற்றிக் கொன்றுவிட்டுத்தான் வகுப்புக்குப் போயிருக்கிறேன். பழியைப் பழத்தின் மேல் வேறு போட்டிருக்கிறேன்.

அவள் இன்னும் முடிக்கவில்லை. “அப்பா மேல வர்ற வாசனை இதுல வருதான்னும் பாக்கணும்னு இருந்துச்சு மிஸ்.”

“இன்னாடி சொல்ற?” என்றார் அம்மா. அந்தக் குரலில் கோபம் இல்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியிலிருந்த நுண்ணோக்கியை எடுத்து, அவளுடைய சாற்றில் ஒரு சொட்டு வைத்தேன். அவள்தான் முதலில் பார்த்தாள். “முட்டை முட்டையா இருக்குது! ஒண்ணு மேல இன்னொண்ணு குட்டியா மொளைக்குது!” அம்மா முதலில் மறுத்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

“ஐயே, இத்தினியூண்டா? இதுங்கள யாரு கொண்டாந்து வுட்டது?”

“யாரும் விடலைங்க. பழத்து மேலேயே இருக்கிறதுதான்.”

“அப்ப கொடியில தொங்கும்போதே இருக்குதா? பாரேன்!” மறுபடி குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அம்மாவும் நிமிர்ந்தார். “நானும் எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். கெட்டுப்போன சரக்குன்றாங்க. சரக்குல நல்லது கெட்டதுன்னு இருக்குதா டீச்சர்? படிச்சவங்க, நீங்க சொல்லுங்க.”

“இது வேற, அது வேற” என்றேன் அவசரமாக.

அம்மா தலையை ஆட்டினார். “இத நீங்களே வச்சுக்குங்க, வூட்டுக்கு வாணாம்” என்று பாட்டிலை விட்டுவிட்டுக் கிளம்பினார். மகள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊதாத என் பலூனை மூன்று நாளாகப் பார்த்த அதே பார்வை.

அன்று வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தேன். திராட்சையானாலும் வெல்லமானாலும் ஈஸ்ட் செய்கிற வேலை ஒன்றுதான். கள்ளச்சாராயத்தில் கொல்வது பெரும்பாலும் அதில் கலக்கிற மெத்தனால் போன்ற வேறு விஷம். அவள் அப்பா குடித்ததில் எது இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னது பாதி உண்மை. இரண்டும் தொடங்குகிற இடம் ஒன்றே என்று அந்தக் குழந்தையிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. என் மகளுக்குத் திராட்சையைக் கழுவிக் கொடுப்பது போலவே அவளுக்குப் பதிலையும் கழுவிக் கொடுத்துவிட்டேனோ என்று இப்போதும் உறுத்துகிறது.

அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. எதிரே பார்த்தால் வணக்கம் சொல்கிறாள். கேள்வி மட்டும் கேட்பதில்லை. அவளையும் அம்மாவையும் ஒருநாள் மறுபடி உட்காரவைத்து மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஆறிய புண்ணைக் கிளறுகிறோமோ என்று மறுநாளே பயந்துவிடுகிறேன். இதைப் படிக்கிற ஆசிரியர்களே, தாய்மார்களே, இப்படி ஒருவரை இழந்தவர்களே, நீங்களாக இருந்தால் அவளிடம் எதை, எப்படிச் சொல்வீர்கள்? எனக்கு எழுதுங்கள்.