முடக்கடி போர்ட்டும் நூறு வீத வெளிச்சமும்

"குறைடா! குறை! சேர் மெசினத் தூக்கிட்டார்!"

எங்கிருந்து பார்க்கிறாரோ தெரியாது, ஃபோனில் கத்துவது என் முதலாளி நிஸார் காக்கா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிரதேச சபை உத்தியோகத்தர் குணம் சேர், வெளிச்சம் அளக்கிற சின்ன மெசினை எங்கள் விளம்பர போர்ட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் முறைப்பாடு கொடுத்த எதிர்வீட்டு ரஸீனா ராத்தா. போர்ட்டின் வெளிச்சத்தைக் குறைப்பதும் என் ஃபோனில்தான், முதலாளி கத்துவதும் அதே ஃபோனில்தான். நான் எதைச் செய்வது? ஃபோன் கோலை வெட்டினேன். நூறு வீதத்திலிருந்து நாற்பதுக்கு இறக்கினேன். சேர் மெசினைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். ராத்தா போகவில்லை.

"சேர் போனதும் வெளிச்சத்தக் கூட்டுவாய் எண்டு எனக்குத் தெரியும். எங்கட இவர் ஓட்டோவோட இந்த முடக்கால வரக்குள்ள கண் ரெண்டும் கூசி ஒண்டும் தெரியுதில்லயாம். எங்கயாவது போய் உழுந்தா நீயா தம்பி பாக்கப் போறாய்?"

எல்.ஈ.டி. போர்ட் தொழில் இதுதான்: யாரும் பார்க்காவிட்டால் விளம்பரம் தந்தவர் ஏசுவார், எல்லாரும் பார்த்தால் சபை ஏசும். ஏ/எல் பரீட்சை எனக்குச் சரிவராது என்று எனக்கும் தெரியும், படிப்பித்தவர்களுக்கும் தெரியும். அதனால் யாருடைய நேரத்தையும் வீணாக்காமல் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இதில் சேர்ந்தேன். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகிற மெயின் ரோட்டு வளைகிற இடத்தில் ஒரு முடக்கு. அந்த முடக்கில்தான் எங்கள் போர்ட். படம் ஏற்றுவது என் வேலை. சபை புதுச் சட்டம் கொண்டுவந்த பிறகு ஏச்சு வாங்குவதும் என் வேலை. முதலாளிக்கும் சட்டத்துக்கும் நடுவில் நிற்கிற ஆள் எல்லாக் கடையிலும் ஒருவர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பின்பக்கம்

சபையின் முதல் சட்டம், போர்ட்டில் படம் அசையக் கூடாது. வாகனம் ஓட்டுகிறவர்களின் கவனம் சிதறுமாம். நியாயம்தான். ஆனால் எங்களிடம் இருந்ததெல்லாம் ஆடுகிற, ஓடுகிற, சுற்றுகிற விளம்பரம். புரியாணிக் கடைக்காரரின் கோழி கம்பியில் சுற்றிக்கொண்டே இருக்கும், எண்ணெய் சொட்டும். முதலாளி நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கவில்லை. எனக்குப் பசி, சாப்பிடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் கடைக்காரர் போர்ட்டுக்குக் கீழே அண்ணாந்து நிற்கிறார். தொப்பி கையில் இருக்கிறது. சட்டத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு மேலே கையைக் காட்டினார்.

"அசையக் கூடாதெண்டு சபை சொன்னது சரி தம்பி. பின்பக்கத்தக் காட்டச் சொன்னது ஆரு?"

சிவப்பு

போர்ட் முழுவதும் ஒரே சிவப்போ ஒரே பச்சையோ போடக் கூடாது என்று இன்னொரு சட்டம். சிக்னல் லைட் என்று ஆட்கள் நினைப்பார்களாம். எங்கள் ரோட்டில் சிக்னல் லைட்டே இல்லை, யார் நினைப்பான் என்று நான் சிரித்தேன். சிரித்தபடியே புடவைக் கடையின் மலிவு விற்பனை விளம்பரத்தை ஏற்றினேன். முழுச் சிவப்பு, நடுவில் சின்னதாக எழுத்து.

கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரே ஹோர்ன் சத்தம். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று முடக்கில் அப்படியே நிற்கிறது. பின்னால் பஸ், வேன், மீன் லொறி. ஓடிப்போய், "ஏன் நிக்கிறீங்க?" என்று கேட்டேன். டிராக்டர்காரர் போர்ட்டைக் காட்டினார். அது சிக்னல் இல்லை, புடவைக் கடை விளம்பரம் என்று நான் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த படம் விழுந்தது. உரக் கம்பனி விளம்பரம், வயல் பச்சை. மனுசன் கியரைப் போட்டார்.

"புடவக் கடையோ பொலிஸோ எனக்கென்ன? பச்ச விழுந்திட்டு, வழிய விடு!"

ஐஸ் போட்ட ஜூஸ்

ஒரு படம் விழுந்தால் பத்து செக்கனாவது நிற்கவேண்டும் என்பதும் சட்டம். நோன்பு மாதத்தில் முதலாளிக்கு நன்மை சேர்க்கிற ஆசை வந்தது. நோன்பு திறக்கிற நேரத்தைப் போர்ட்டில் போடச் சொன்னார். போட்டேன். ஆனால் அதுவும் மற்ற விளம்பரங்களோடு வரிசையில்தான் வரும் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அன்றைக்குப் பார்த்து பக்கத்துப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி பழுது. தேத்தண்ணிக் கடை வாசலில் ஒரு கூட்டமே பேரீத்தம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு போர்ட்டையே பார்த்து நிற்கிறது. சீமெந்து வந்தது. டயர் வந்தது. கல்யாண மண்டபம் வந்தது. தூரத்தில் எங்கேயோ தொழுகைக்கு அழைக்கிற வாங்கு கேட்ட மாதிரி இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. அப்போது தோடம்பழ ஜூஸ் வந்தது. கிளாஸ் நிறைய ஐஸ், வெளியே முத்து முத்தாகத் தண்ணீர். சட்டப்படி பத்து செக்கனும் நின்றது. தேத்தண்ணிக் கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வாங்கு சொல்ல ஏலாட்டி பேசாம இரி மகன். அந்த ஜூஸ மட்டும் காட்டாத!"

பஸ்ஸில் வந்த சேர்

பொழுதுபட்டால் நாற்பது வீதத்துக்கு மேல் வெளிச்சம் போகக் கூடாது. சபை சட்டத்திலேயே முக்கியமானது இதுதான். முதலாளியின் சட்டம் வேறு: சேரின் மோட்டர் சைக்கிள் வந்தால் நாற்பது, போனால் நூறு. ரஸீனா ராத்தா திரும்பவும் முறைப்பாடு கொடுத்தா.

அன்றைக்கு நான் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து முதலாளியோடு ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தேன். "ஓம் காக்கா, நூறுலதான் கிடக்கு. சேர்ட சைக்கிள் இன்னம் வரல்ல." பக்கத்தில் இருந்தவர் கோப்பையைக் கீழே வைத்தார். சேர். பஸ்ஸில் வந்திருக்கிறார். "யார் கூட்டச் சொன்னது?" என்று கேட்டார். முதலாளி என்றேன். பொய் சொல்லி ஞாபகம் வைத்திருக்க எனக்கு ஏலாது. அடுத்த முறைப்பாடு வந்தால் லைசன் போகும் என்றார். லைசன் போனால் உன் வேலையும் போகும் என்று முதலாளி ஃபோனுக்குள் இருந்து கத்தினார். சேர் எழும்பி சாரத்து மடிப்பைத் தட்டுகிற மாதிரி காற்சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"தேத்தண்ணியில சீனி கூடிப்போச்சு, போர்ட்டில வெளிச்சமும் கூடிப்போச்சு. தேத்தண்ணிய நான் எப்படியோ குடிச்சிட்டன் தம்பி."

முட்டை

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நாற்பதிலேயே விட்டோம். ராத்தா என்னைப் பார்த்துச் சிரிக்கவும் தொடங்கினா. அப்போது நகைக்கடைக்காரர் வந்தார். போர்ட்டில் தன் தங்க மாலை மங்கிப்போய்க் கவரிங் மாதிரித் தெரிகிறதாம், விளம்பரத்தை எடுக்கப் போகிறாராம். முதலாளிக்கு வேர்த்தது. கூட்டச் சொன்னார். கூட்டினேன்.

பொழுதுபடுகிற மஃரிப் நேரம், பாறூக் காக்கா, அதுதான் ராத்தாவின் மாப்பிள்ளை, அந்த 'எங்கட இவர்', ஓட்டோ நிறைய முட்டை அடுக்கிக்கொண்டு முடக்கால் வந்தார். நேரே ரோட்டோர வடிகானுக்குள் போனார். முதலில் ஓடினவன் நான். ஓட்டோ சரிந்து கிடக்கிறது. மஞ்சள் கருவுக்கு நடுவில் மனுசன் உட்கார்ந்திருக்கிறார், ஒரு கையை மறு கையால் பிடித்துக்கொண்டு. ராத்தா புடவையை இழுத்துப் பிடித்தபடி ஓடிவந்தா. எனக்கு அடி விழும் என்று நின்றேன். அவ என்னைப் பார்க்கவேயில்லை, அவருடைய கையைத்தான் தடவிப் பார்த்தா. எலும்புக்கு ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். பாறூக் காக்கா போர்ட்டை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"பெரிய மால ஒண்டு மூஞ்சிக்கு நேர வந்திச்சு மகன். அதுக்குப் பின்னால ரோட்டக் காணல்ல."

மஃரிப்

அடுத்த நாள் முதலாளியே வந்துவிட்டார், நகைக்கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு. ஓட்டோக்காரர் வேகமாக வந்ததுதான் பிழை என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாராம். ராத்தா இன்னும் முறைப்பாடு கொடுக்கவில்லை. மாப்பிள்ளையின் கைக்கு எண்ணெய் போடுவதற்கே அவவுக்கு நேரம் சரி. சேர் வருவதற்கு முதல் நகைக்கடைக்காரரின் மனதைக் குளிரப் பண்ணவேண்டும். வெளிச்சத்தைக் கூட்ட முதலாளிக்குத் தெரியாது. அவருக்கு ஃபோனில் ஒரு படம் அனுப்பவே என்னைத்தான் கூப்பிடவேண்டும்.

பொழுது பட்டது. போர்ட்டில் நகைக்கடைத் தங்க மாலை வந்தது, நாற்பது வீதத்தில். ரோட்டு தெரிந்தது. முடக்கால் வருகிற ஒவ்வொரு ஓட்டோவையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நூறுக்குப் போடு."

"ஏலாது காக்கா."

"ஏலாதா? உனக்கு வேல வேணுமா, அந்த எதிர்வீட்டுக்காரிட சிரிப்பு வேணுமா?"

இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்தது ஒரு விரலால் செய்கிற ஒரே ஒரு வேலைதான், அதையும் செய் என்று முதலாளி பக்கத்திலேயே நின்று சொன்னார், நான் செய்யவில்லை.