முதலில் போன், அப்புறம் லேப்டாப்

கார் எஞ்சினின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி வேகம் கூட்டித் தருவது அவள் தொழில். தெருவில் அவளுக்கு 'ஸ்பீக்கர் அக்கா' என்று பெயர். வண்டிக்காரர் அவள் எதிரிலேயே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, செய்யப்போகும் மாற்றத்தைச் சொல்ல வேண்டும். ஒப்புதல் கடிதம் வந்த பிறகுதான் லேப்டாப்பையே திறப்பாள். பிரீமியம் ஏறும் என்றதும் பாதிப் பேர், இதே வேலையை யாருக்கும் சொல்லாமல் செய்து தரும் எதிர்க்கடைக்கு நடையைக் கட்டுவார்கள்.

எதிர்க்கடைக்காரர் வாசலில் நின்று சிரிப்பார். "இந்தம்மா பட்டறை நடத்துதா, கால் சென்டர் நடத்துதா?"

கணவனுக்கே பொறுக்கவில்லை. "வர்ற கஸ்டமரை நீயே விரட்டுறியே!"

"விரட்டலைங்க, வடிகட்டுறேன்."

போன மழையில் அவளுடைய வாடிக்கையாளரான பல் டாக்டரின் கார் பாலச் சுவரில் மோதி நொறுங்கியது. சேதம் பார்க்க வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "எஞ்சின்ல கை வெச்சிருக்கீங்களே" என்றார். டாக்டர் கம்பெனியின் ஒப்புதல் கடிதத்தை நீட்டினார். முழு இழப்பீடும் வந்தது. அதே மாதம் விபத்தில் சிக்கிய இரண்டு எதிர்க்கடை வண்டிகளுக்கு, மாற்றத்தை மறைத்த குற்றத்துக்காக, ஒரு காசுகூட வரவில்லை.

நேற்று அவள் பட்டறைக்குள் ஒரு சிவப்புக் கார் நுழைந்தது. இறங்கியவர் எதிர்க்கடைக்காரர்.

"என் மக ஓட்டுற வண்டிம்மா. என் கடையில செய்ய மனசு வரலை."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, சாத்தியிருந்த தெருப்பக்க ஜன்னலை அகலத் திறந்துவைத்தாள்.

"போனை எடுங்கண்ணே. ஸ்பீக்கர்ல போடுங்க. தெருவுக்கே கேக்கட்டும்."